கொடி நாள்: சட்டையில் குத்தும் காகிதக் கொடிக்குக் கொடுத்த காசு எங்கே போகிறது?

டிசம்பர் முதல் வாரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டு காகிதக் கொடி வந்து சேரும். தீப்பெட்டிப் படம் அளவுதான் இருக்கும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறம். வகுப்பாசிரியர் தலைக்கு ஒன்று கொடுத்து, நாளைக்குக் காசு கொண்டு வா என்பார். வீட்டில் கேட்டு வாங்கிக் கொடுப்போம். கொடி அன்று மாலையே எங்காவது விழுந்துவிடும். எதற்குக் கொடுத்தோம் என்று யாரும் கேட்டதில்லை, பெரும்பாலும் யாரும் சொன்னதும் இல்லை.

அதற்குப் பெயர் படைவீரர் கொடி நாள். ஆண்டுதோறும் டிசம்பர் 7. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றிலும் பணியாற்றுபவர்களுக்கும் பணியாற்றி வெளியே வந்தவர்களுக்கும் பொதுமக்கள் தங்கள் நன்றியைப் பணமாகக் காட்டும் நாள். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. காசு கொடுத்தவர் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அடையாளம், அவ்வளவுதான் கொடி. காரின் முன்னால் வைக்கிற கொஞ்சம் பெரிய கொடியும் உண்டு. கலெக்டர் வண்டியில் பார்த்திருப்பீர்கள்.

விடுதலைக்கு முன்பு இங்கே இந்த வேலையைச் செய்தது பாப்பிப் பூ. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று நின்றது. அந்த நாளில் சிவப்புப் பாப்பிப் பூவைக் காகிதத்திலோ துணியிலோ செய்து விற்று, வந்த பணத்தைப் போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுப்பது பிரிட்டிஷ் பழக்கம். பேரரசு இருந்த இடமெல்லாம் அதுவும் போனது. இதில் இலங்கையில் நடந்த ஒரு சங்கதி சுவையானது. கொழும்பில் பூ வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போகிறது, உள்ளூர் முன்னாள் வீரர்களுக்குக் கிடைப்பது சொற்பம் என்று 1930களின் தொடக்கத்தில் அங்கே ஒரு குரல் எழுந்தது. எழுப்பியவர் ஈலியன் பெரேரா, அவரே ஒரு முன்னாள் வீரர். பாப்பிக்குப் போட்டியாக, அதே நவம்பர் 11 அன்று, நம் ஊர் வாய்க்கால் கரைகளிலும் நிற்கிற பூவரசம் பூவை விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் சூரிய மல். பின்னால் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தார்கள், அது வேறு கதை. நன்றி என்று சொல்லி வசூலிக்கிறீர்களே, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி அப்போதே கேட்கப்பட்டுவிட்டது. கொடி நாளைப் புரிந்துகொள்ளவும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

இந்தியா விடுதலை அடைந்த பிறகு, பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான குழு ஒன்று 1949 ஆகஸ்ட் 28 அன்று, இனி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 கொடி நாள் என்று முடிவு செய்தது. இரண்டாம் உலகப் போர், காஷ்மீர்ப் போர் இரண்டிலும் அடிபட்டவர்களும் கணவனை இழந்தவர்களும் நாடு முழுக்க இருந்த நேரம் அது.

சரி, ராணுவத்தில் இருப்பவருக்குத்தான் சம்பளம் இருக்கிறதே, ஓய்வு பெற்றால் பென்ஷன், போதாதற்கு மிலிட்டரி கேண்டீன் சரக்கு வேறு, அப்புறம் எதற்கு நாம் காசு கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். டீக்கடையில் அடிக்கடி கேட்கிற கேள்வியும்கூட.

பதில் வயதில் இருக்கிறது. ஒரு வங்கி ஊழியரோ ஆசிரியரோ அறுபது வயதுவரை வேலை பார்க்கிறார். சிப்பாய் அப்படியல்ல. மலையேறவும் மூட்டை சுமக்கவும் உடம்பில் தெம்பு இருக்கும்போதே அவரை வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் இளைஞரைச் சேர்ப்பதுதான் படையின் முறை. பெரும்பாலானவர்கள் முப்பதுகளின் பிற்பகுதியிலோ நாற்பதுகளிலோ பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். இப்படி வெளியே வருபவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர். பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும், கற்ற தொழிலோ பீரங்கியோடு சம்பந்தப்பட்டதாக இருக்கும். ஏடிஎம் வாசலிலும் அடுக்குமாடி கேட்டிலும் விறைப்பாக நிற்கும் காவலாளிகளில் எத்தனை பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

பென்ஷன் எல்லோருக்கும் உண்டு என்பதும் சரியல்ல. அதிகாரி அல்லாதவர்கள் பென்ஷன் பெறக் குறைந்தது 15 ஆண்டு பணி வேண்டும், அதிகாரிகளுக்கு 20 ஆண்டு. பழைய காலத்தில் ஐந்தாறு ஆண்டு போரிலும் எல்லையிலும் இருந்துவிட்டு, குடும்பச் சூழ்நிலையாலோ ஆட்குறைப்பாலோ வெளியே வந்தவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு மாதாந்திரப் பணம் எதுவும் கிடையாது. வயதான பிறகு, நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான் என்று சொல்லிக்கொள்ள ஒரு மெடலும், படையிலிருந்து வெளியேறியபோது கொடுத்த ஒரு பழைய டிஸ்சார்ஜ் புத்தகமும் மட்டும் கையில் இருக்கும்.

கொடி நாள் பணம் முதலில் தேடிப் போக வேண்டியது இவர்களைத்தான். இதற்காக இருந்த பல தனித்தனி நிதிகளை 1993இல் ஒன்றாக்கிப் படைவீரர் கொடி நாள் நிதி என்று ஆக்கினார்கள். டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்திய சைனிக் போர்டு அதைக் கவனிக்கிறது. போரில் உறுப்பிழந்தவர்களின் மறுவாழ்வு, பணியில் இருப்பவர்கள் மற்றும் அவர்கள் குடும்பங்களின் நலன், முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலன் என்று மூன்று நோக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. படிக்க அரசாணை மாதிரி இருக்கும். கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய, வேறு வருமானம் இல்லாத முன்னாள் வீரர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அல்லது அவர் காலமாகிவிட்டார், மனைவி மட்டும் இருக்கிறார். இவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் வறுமை உதவி கொடுக்கப்பட்டு வந்தது. 2025 அக்டோபரில் அதை 8,000 ஆக்க ஒப்புதல் கிடைத்து, அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் படிப்புக்கான உதவியும் அதே அறிவிப்பில் மாதம் 1,000இலிருந்து 2,000 ஆனது, இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு முடிய. மகள் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து 1 லட்சம். கணவனை இழந்த பெண் மறுமணம் செய்துகொண்டாலும் இந்த 1 லட்சம் உண்டு. அது நல்ல விதி. இந்த உயர்வால் ஆண்டுக்கு ஏறத்தாழ 257 கோடி ரூபாய் செலவாகும் என்றும், அதைக் கொடி நாள் நிதியிலிருந்தே எடுப்போம் என்றும் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. கொடி நாள் பெயரில் சேரும் பணம் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான்.

இன்னொரு இடம் புனே அருகே கட்கியில் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழேயோ கழுத்துக்குக் கீழேயோ உணர்வற்றுப் போன வீரர்களுக்கான மறுவாழ்வு மையம், 1974இல் தொடங்கியது. மொகாலியிலும் ஒன்று உண்டு. குண்டு பட்டுத்தான் என்றில்லை, மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தும் பயிற்சியில் விழுந்தும் வந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறார்கள், வாயில் தூரிகை பிடித்துப் படம் வரைகிறார்கள். போரில் பார்வை இழந்தவர்களுக்கு டேராடூனில் ஒரு நிறுவனம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கொடி நாள் நிதியிலிருந்து மானியம் போகிறது. மறுவாழ்வு என்ற சொல்லுக்கு உயிருள்ள உதாரணம் வேண்டுமென்றால் முரளிகாந்த் பேட்கர். 1965 போரில் குண்டுகள் துளைத்து நடக்க முடியாமல் போனவர். சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சலில் 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸ் வரை போய், இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கி வந்தார். அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது 2018இல்! நன்றி சொல்ல நமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதற்கும் அவரே உதாரணம்.

தமிழ்நாட்டில் கொடி நாள் எப்படி நடக்கிறது? ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒன்று இருக்கும். டிசம்பர் 7 அன்று கலெக்டர் உண்டியலில் பணம் போட்டு வசூலைத் தொடங்கி வைப்பார். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குத் தேநீர் விருந்து, சிலருக்கு உதவித்தொகைக் காசோலை, மறுநாள் செய்தித்தாளில் படம். மாவட்டத்துக்கு ஒரு வசூல் இலக்கு உண்டு. அந்த இலக்கு துறைகளுக்குப் பிரியும், துறையிலிருந்து அலுவலகத்துக்கு, அங்கிருந்து மேசை மேசையாக. இலக்கைத் தாண்டியவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ்.

இந்த இலக்கு முறையில் எனக்கு ஒப்புதல் இல்லை. பணம் நிறைய சேர்கிறது என்பது உண்மைதான். தமிழ்நாடு கொடி நாள் வசூலில் நல்ல பெயர் வாங்கும் மாநிலம். ஆனால் பத்திரப் பதிவுக்கோ சான்றிதழுக்கோ போன இடத்தில், கொடி நாளுக்கு இவ்வளவு கொடுங்கள் என்று கவுண்டரில் கேட்டால் அது நன்றியா, கூடுதல் கட்டணமா? எதற்கு என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. கொடுத்தவர் முணுமுணுத்துக்கொண்டே போகிறார், அந்த முணுமுணுப்பு பட்டாளத்துக்காரர் மேல் போய் விழுகிறது. கொடி நாள் நன்கொடை முழுக்க விருப்பத்தின் பேரில் தருவது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. காகிதக் கொடியோடு, போன ஆண்டு நம் மாவட்டத்தில் இத்தனை பேருக்கு இன்ன உதவி போனது என்று ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்தால் இலக்கே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். சீருடை போட்டுத் துப்பாக்கி ஏந்திய எல்லோரும் கொடி நாள் கணக்கில் வருவதில்லை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் மத்திய ஆயுதக் காவல் படைகள். ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சிஆர்பிஎஃப் வீரர்கள், அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஊரே ராணுவ வீரர் என்றுதான் சொல்லி அழுதது. உதவித் திட்டங்களுக்கோ அவர்கள் வேறு பட்டியல். அந்தப் படைகளில் உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு உதவ நினைப்பவர்களுக்காக 2017இல் பாரத் கே வீர் என்ற தளம் தொடங்கப்பட்டது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு பணி முடித்து வெளியேறும் அக்னிவீரர்களும் முன்னாள் படைவீரர் என்ற தகுதியில் வரமாட்டார்கள், பென்ஷனும் கிடையாது. கையில் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு இருபதுகளின் நடுவில் ஊர் திரும்பும் அவர்களுக்கு எந்தக் கொடி நாள் என்று வரும் ஆண்டுகளில் கேட்கத்தான் போகிறார்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. எல்லையில் ஏதாவது நடந்தால் உடனே வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். ராணுவத்துக்கு ஆயுதம் வாங்க அரசு ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறது, தினம் ஒரு ரூபாய் போடுங்கள், ஒரு நடிகர் கொடுத்த யோசனை இது என்று கணக்கு எண்ணோடு வரும். பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. 2025இல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகும் வந்தது, அரசு அதைத் தவறான செய்தி என்று அறிவித்தது. ஆயுதம் வாங்குவது பட்ஜெட்டின் வேலை. கொடுப்பதானால் மாவட்ட நல அலுவலகத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள், அல்லது மத்திய சைனிக் போர்டின் இணையதளத்தில் செலுத்துங்கள். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு.

போரில் இறந்தவருக்குக் கல் நட்டு, குடும்பத்துக்குச் சோறு போடும் வழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. செங்கம் பக்கத்து நடுகற்களில் ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனின் பெயரும் ஊரும் அரசன் ஆட்சியாண்டும் இருக்கும். இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்ட செய்தியும் கல்வெட்டுகளில் வருகிறது, உதிரப்பட்டி என்று அந்த நிலத்துக்குப் பெயர். கல் ஊராருக்கு, நிலம் அவன் பிள்ளைகளுக்கு. இன்று டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நிலத்துக்குப் பதிலாகப் பென்ஷனும் கொடி நாள் நிதியும் இருக்கின்றன. குண்டுகள் முழங்க அடக்கம் நடக்கும் நாளில் ஊரே திரளும். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பெண் தாலுகா ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தனியாக அலையும் நாட்களில் கூட யார் போகிறார் என்பதை நான் கவனித்துப் பார்ப்பதுண்டு.

சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கலாம். படைவீரருக்கு நன்றி சொன்னால், அரசு நடத்திய எல்லாப் போரையும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாதா? தமிழர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையைப் பற்றி ஈழத்தமிழர் வைத்திருக்கும் நினைவு மிகக் கசப்பானது. அந்தப் படை அங்கே புலிகளோடு நடத்திய போரில் உயிர்விட்டு, போர்வீரத்துக்கான நாட்டின் உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் ஒரு தமிழர். 1990 மார்ச்சில் அந்தப் படையின் கடைசி அணி சென்னையில் வந்திறங்கியபோது முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவர் செய்தது சரி என்பவர்களும் தவறு என்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். எனக்குப் படுவது இதுதான்: போரை முடிவு செய்தவர்களிடம் கேட்க வேண்டிய கணக்கை, அந்தப் போரில் காலிழந்து வந்த சிப்பாயிடம் கேட்கக்கூடாது. அதேபோல, அந்தப் படையால் வீட்டில் ஒருவரை இழந்தவரிடம் போய் நீயும் நன்றி சொல் என்று கேட்கவும் கூடாது. நன்றி தானாக வர வேண்டும். கட்கியில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வேண்டிய மருந்துக்கும் போரின் நியாய அநியாயத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

வாயால் நன்றி சொல்வது பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் சீருடைக்காரரைக் கண்டால் உங்கள் சேவைக்கு நன்றி என்று முகம் தெரியாதவர்கூடச் சொல்வது வழக்கம். நம் ஊரில் அப்படிச் சொன்னால் சொல்பவருக்கும் கூச்சம், கேட்பவருக்கும் கூச்சம். ரயிலில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஏறியவரிடம் நாம் கேட்பது, "என்ன சார், லீவா? எங்க போஸ்டிங்?" அப்புறம் அவர் பெட்டியை ஒரு கை பிடித்து உள்ளே தள்ளுவோம், கட்டுச்சோற்றில் பங்கு கொடுப்போம். எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் எந்த யூனிட், எப்போது எங்கே கிளம்புகிறார் என்பதைப் படத்தோடு ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். கணவனை இழந்த பெண்ணிடம் எவ்வளவு பணம் வந்தது என்று விசாரிக்காதீர்கள், உறவுக்காரர்கள் அதை ஏற்கெனவே விசாரித்து முடித்திருப்பார்கள்.

காசு கொடுக்க வசதி இல்லாவிட்டாலும் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதற்குத்தான் ஆள் பற்றாக்குறை. நான் மேலே சொன்ன வறுமை உதவி, கல்வி உதவி எல்லாம் தானாக வீடு தேடி வராது, விண்ணப்பிக்க வேண்டும். கிராமத்தில் இருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் தெருவில் பட்டாளத்து வீடு என்று சொல்லப்படும் வீடு இருந்தால் போய், தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் பரணில், தகரப் பெட்டிக்குள், மெடலோடு சேர்த்து மடித்து வைத்திருப்பார்கள். அதில் அவருடைய படை எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம் எல்லாம் இருக்கும். மனைவி பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அல்லது ரேஷன் கார்டில் ஒரு பெயரும் புத்தகத்தில் வேறு பெயரும் இருந்தால், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அவர் இருந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்த வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் அது நீலகிரியில் வெல்லிங்டனில் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் என்னென்ன நகல் வேண்டும் என்று சொல்வார்கள். கடிதம் தட்டச்சு செய்ய, நகல் எடுக்க, பாட்டியை ஒருமுறை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வர ஓர் ஆள் வேண்டும்.